கிழவிக்கு மூச்சு வரும் வரை

எங்கள் ஊரில் யார் வீட்டு நிலவறையில் என்ன இருக்கிறது என்று ராசிமுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். எவன் திருட்டுத்தனமாகப் பிளம் சாராயம் காய்ச்சுகிறான், எவள் மாமியார் கண்ணில் படாமல் புதுத் தையல் மிஷினை ஒளித்து வைத்திருக்கிறாள், எல்லாம் தெரியும். ஒன்றையும் வாய் திறந்து சொன்னதில்லை. அப்படிப்பட்ட வாய். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அதில் உள்ளூர ஒரு கடுப்பு உண்டு. வம்பு கேட்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தும் பிரயோஜனம் இல்லையே.

என் பெயர் ஷெஃபிகா. காலுறை ஆலையில் இருபத்தாறு வருடம் நின்று நின்றே கால் வீங்கியவள். என் கணவர் போய்ப் பதினான்கு வருடம். ராசிமின் மனைவி ஹைரியா போய் ஒன்பது வருடம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஒரு சின்னப் படல். காலை ஏழரைக்கு நான் காபி போட்டு எடுத்துக்கொண்டு அந்தப் படலைத் திறந்து போவேன். இரண்டு கிண்ணம் குடிப்போம். நான் பேசுவேன், அவர் கேட்பார். எட்டேகாலுக்குத் திரும்பி வந்துவிடுவேன். மழையோ பனியோ, இதில் ஒரு நாளும் மாற்றம் இல்லை.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஸ்துதெனா ஆற்றில் டிரவுட் மீன் பிடிப்பது. அதுவும் புழு மாட்டிப் பிடிக்க மாட்டார். சின்ன முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பார்த்தால் நிஜ ஈ மாதிரியே இருக்கும் பொய் ஈயை அவரே கட்டுவார். அதைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்ற வேண்டும். அதற்கான இறகு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? என் சேவலின் கழுத்திலிருந்து. ஒவ்வொரு வசந்தத்திலும் என் சேவல் கழுத்தில் பாதி மொட்டையாகத் திரியும். கேட்டால், "தானா உதிர்ந்துச்சு ஷெஃபிகா" என்பார். அந்த ஒரு பொய் மட்டும் சொல்வார்.

பிடித்த மீனை வீட்டுக்கும் கொண்டுவர மாட்டார். முள்ளைக் கழற்றித் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். முதலில் எனக்கு இது புரியவே இல்லை. "பின்ன எதுக்குங்க காலைலேர்ந்து இடுப்பளவு தண்ணில நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "பாக்கத்தான்" என்றார். மீனைப் பார்க்க மீன் கடைக்குப் போனால் போதாதா என்றேன். சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காபிக்கு உட்கார்ந்தவர், தானாகவே வாயைத் திறந்தார். "நேத்து கிழவி தலை காட்டினா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எந்தக் கிழவி, எங்கே தலை காட்டினாள், இவருக்கு அவளிடம் என்ன வேலை? அப்புறம்தான் தெரிந்தது, மீன். வெள்ளத்தில் அடித்துப்போன பழைய மரப்பாலத்தின் ஒற்றைத் தூண் இன்னும் ஆற்றில் நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் மடுவில் ஒரு பெரிய பெண் டிரவுட் குடியிருக்கிறதாம். அவ்வளவு பெரியதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். மூன்று வருடம் அதன் பின்னால் அலைந்தார். அது இவர் ஈயைப் பார்க்கும், பக்கத்தில் வரும், திரும்பிப் போய்விடும். "அவளுக்கு உங்களைவிட மூளை அதிகம்" என்று நான் சொல்வேன். அதில் அவருக்குப் பெருமைதான்.

போன இலையுதிர் காலத்தில் ராசிமுக்கு மாரடைப்பு வந்தது. நல்ல வேளை, காபி நேரத்தில் வந்தது. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அவருடைய ஒரே மகள் வெதினா ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஓடி வந்தவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள், இனி தனியாக ஆற்றில் இறங்கக் கூடாது என்று. அவரும் இறங்க மாட்டேன் என்றார். துணைக்கு வர ஊரில் யார் இருக்கிறார்கள்? அவரோடு மீன் பிடித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் மண்ணுக்கு அடியில். ஆக, ஏப்ரல் முழுக்க வேலி ஓரமாக நின்று ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மே மாதத்தில் வெதினா மறுபடி வந்தாள். இந்த முறை அப்பாவைக் கையோடு கூட்டிப்போக; ஒரு மாதம் முன்பே போனில் சொல்லியிருந்தாள். அங்கே ஒரு அறை தயாராக இருந்தது. காகிதமெல்லாம் சரி பண்ணியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. ராசிம் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளிர்காலச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

நான் மட்டும் என்ன சொல்லிவிட்டேன்? ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற மகள் கூப்பிடுகிறாள். நடுவில் நான் யார்? பக்கத்து வீட்டுக்காரி. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டு, காலையில் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு மாதம் நாங்கள் வானிலையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. இனிமேல் காலை ஏழரைக்கு நான் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே தினமும் இரண்டு கிண்ணத்தையும் கழுவி வைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெதினா அப்பாவின் மருத்துவச் சீட்டுகளை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் தோட்டத்தில் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்கதவு மெல்லத் திறந்தது. ராசிம் வந்தார். தோளில் தூண்டில் கம்பு, கையில் இடுப்பு வரைக்குமான ரப்பர் பூட்ஸ். பிளம் தோட்டத்து வழியாகப் பூனை மாதிரி போனவர் என்னைப் பார்த்து நின்றார். உதட்டில் விரலை வைத்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தடுத்திருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு களையைப் பிடுங்கினேன். கடைசி முறைதானே, போய்விட்டு வரட்டும் என்று நினைத்தேன்.

ஆற்றில் நடந்ததை அவர் பிறகு எனக்குச் சொன்னார். அதுவும் ஒரே நாளில் இல்லை, ஒரு வாரக் காபியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

பதினொரு மணி வாக்கில் ஆற்றின் மேல் ஈக்கள் எழும்பின. மே மாதத்தில் மட்டும் வரும் பெரிய ஈ, ஒரு நாள்தான் அதற்கு வாழ்வு. அவர் உடனே தூண்டிலை வீசவில்லை. அரைமணி நேரம் அசையாமல் நின்று பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் தண்ணீர் லேசாக ஒரு முறை சுழித்தது. கிழவி சாப்பிட வந்திருந்தாள். இரண்டு முறை ஈயை விட்டார், இரண்டு முறையும் அது நூல் இழுத்து வழி தப்பிப் போயிற்று. மூன்றாவது முறை நல்லபடியாக மிதந்து போனது. மூக்கை மட்டும் வெளியே நீட்டி, அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி தட்டிலிருந்து பிஸ்கட் எடுக்கிற மாதிரி.

அப்புறம் இருபது நிமிடம் இழுபறி. நூலோ முடி மொத்தம். இழுத்தால் அறுந்துவிடும், விட்டால் தூணைச் சுற்றிக்கொள்வாள். அவள் போன பக்கமெல்லாம் இவரும் தண்ணீருக்குள் நடந்தார். ஒரு இடத்தில் பாசியில் வழுக்கி முழங்கால் அடிபட்டது. தொப்பி விழுந்து ஆற்றோடு போயிற்று. கடைசியில் ஆழம் குறைந்த இடத்தில் அவள் களைத்துப்போய்ச் சாய்ந்தாள். தண்ணீரை விட்டுத் தூக்காமலே கம்பை அவள் பக்கத்தில் வைத்து அளந்தாராம். வீட்டுக்கு வந்து கம்பில் அந்த இடத்தை அளந்தபோது எழுபத்து நாலு சென்டிமீட்டர். வேறு எவனாவது சொன்னால் நம்ப மாட்டேன். இவர் சொன்னால் எழுபத்தாறாகக்கூட இருக்கும்.

முள் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கொக்கியை அவர் முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுவார். அதனால் முள் லேசாக வந்துவிட்டது. ஆனால் கையை எடுத்ததும் கிழவி வயிற்றை மேலே காட்டி மல்லாந்துவிட்டாள். அவ்வளவு நேரம் போராடியதில் மூச்சு முட்டிப்போயிற்று. மீனுக்கும் மூச்சு முட்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் அதை நேராகப் பிடித்துத் தலையை நீர் வரும் பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டுமாம். ஓடுகிற தண்ணீர் அதன் செவுளுக்குள் போய் வர வேண்டும். ஒரு கையால் வால் பக்கம், ஒரு கையை வயிற்றுக்கு அடியில். அவர் குனிந்தார். முகம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து அப்படியே நின்றார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. எங்கள் ஆற்றுத் தண்ணீர் ஆகஸ்டிலேயே பல் கிட்டும். இது மே. விரல்கள் மரத்துப்போயின. பிறகு இடது கை தோள் வரைக்கும் மரத்தது. அது குளிரா, நெஞ்சு செய்கிற வேலையா என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்பவாவது விட்டுட்டுக் கரையேறியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"விட்டா மல்லாந்துருவா."

"நீங்க மல்லாந்திருந்தா?"

காபிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "மூணு வருஷமா தெரிஞ்சவ, ஷெஃபிகா. என்னாலதான் அவளுக்கு அந்த நெலம. நாளைக்கு ஊரை விட்டுப் போறவன் இன்னிக்கு அவளைச் சாகடிச்சுட்டா போறது?"

அந்த நேரத்தில் மேலே நெடுஞ்சாலைப் பாலத்தில் எஷ்ரெஃப் ஓட்டும் பேருந்து போனது. எஷ்ரெஃப் நல்ல பையன், ஆனால் கண்ணில் பட்டதை வாய் வரைக்கும் கொண்டுபோகிற வழியில் மூளையில் நிறுத்த மாட்டான். கீழே ஆற்றில் ஒரு ஆள் முகம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தான். அந்தத் தூண் பக்கம் ராசிமைத் தவிர வேறு யார் இறங்குவார்கள்? ஹாரன் அடித்தான். ஆள் அசையவில்லை. ராசிமுக்கு ஹாரன் கேட்டதாம். திரும்பினால் கை ஆடும், கை ஆடினால் மீன் பயப்படும் என்று திரும்பவில்லையாம். பின்னால் இரண்டு லாரி நெருக்கியதால் எஷ்ரெஃபால் பாலத்தில் நிறுத்தவும் முடியவில்லை.

ஊருக்குள் வந்து இறங்கியதும் அவன் சொன்னது, "ராசிம் அண்ணே ஆத்துல கவுந்து கெடக்காரு." பேருந்து நிலையத்திலிருந்து ரொட்டிக் கடைக்கு வரும்போதே அது, "ராசிம் செத்துட்டாரு" என்று ஆகியிருந்தது. ஆண்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு சாலை வழியாக ஆற்றுக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த வெதினாவுக்கு யாரோ போன் பண்ணினார்கள், அவள் காரை எடுத்துக்கொண்டு நேராக ஆற்றுக்குப் போனாள். அங்கே ஆளைக் காணவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக் கல்லில் தொப்பி மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. ஆற்றோடு போய்விட்டார் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். எதிர் வீட்டு முனிராவின் புருஷன் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் ஊரில் சுவரில் ஒட்டுகிற பச்சை விளிம்பு போட்ட மரண அறிவிப்பு அச்சடிக்க ராசிமின் போட்டோவைத் தேடினான்.

என்னிடம் வந்து சொன்னவள் முனிரா. எல்லோரும் ஆற்றுக்கு ஓடினார்கள். என் கால் ஓடவில்லை. பார்த்தும் பார்க்காதது போல் தலையைக் குனிந்தவள் நான். என்னால் போனவர். ராசிமின் வீட்டுக்குள் போனேன், அடுப்பைப் பற்றவைத்தேன். இறந்தவர் வீட்டில் அல்வா கிண்டும் வாசம் வர வேண்டும், அது எங்கள் வழக்கம். வெண்ணெயைப் போட்டு மாவைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தேன். முனிராவையும் சேர்த்து மூன்று பெண்கள் வந்து கூட நின்றார்கள்.

கிளறக் கிளற அழுகை வந்தது. எனக்கு அழவும் தெரியும், திட்டவும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்தேன். "நாளைக்குப் போறேன்னு சொல்லிட்டு இன்னிக்கே போயிட்டியேய்யா. ஒரு மாசமா உன் முன்னாடி வந்து உக்காந்து மழை வருமா வராதான்னு பேசிட்டிருந்தேனே. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டேனே. சொல்லியிருந்தா இருந்திருப்பியோ என்னமோ. நாளைக்குக் காலைல காபியை எடுத்துக்கிட்டு நான் எந்தப் படலைத் தெறக்க?" இப்படி இன்னும் என்னென்னவோ. முனிரா வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராசிம் அப்போது பிளம் தோட்டத்தில் வந்துகொண்டிருந்தார். கிழவிக்கு மூச்சு வந்துவிட்டது. முதலில் செவுள் சீராக அசைந்ததாம். பிறகு வால் அவர் உள்ளங்கையை ஒரு முறை தள்ளியது. அப்போதும் அவர் விடவில்லை. இரண்டாவது முறை நன்றாகத் தள்ளியதும் கையைத் திறந்தார். அவள் பாய்ந்து ஓடவில்லையாம். மெதுவாக, தன் வீட்டுக்குப் போகிற மாதிரி, தூணடிக்குப் போனாளாம். அவர் கரையில் கூழாங்கல் மேல் உட்கார்ந்து அழுதார். அதையும் என்னிடம் சொன்னார். அப்புறம் மகளுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று சாலை வழியைவிட்டுத் தோட்டத்து வழியாக வந்தார். தேடிப் போனவர்கள் எல்லாம் சாலையில், இவர் மட்டும் தோட்டத்தில்.

பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் பின்கதவைத் தள்ளி உள்ளே வந்தார். நாலு பெண்கள், நாலு பேர் கண்ணும் சிவந்திருக்கிறது, அடுப்பில் அல்வா.

"யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

முனிரா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். தொப்பி இல்லாத தலை, நனைந்த சட்டை, கையில் பூட்ஸ்.

"நீங்கதான்" என்றேன்.

"எப்போ?" என்றார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு கோபமும் ஒன்றாக எனக்கு வந்ததே இல்லை.

போன் போய், பத்து நிமிடத்தில் வெதினா வந்தாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், கண்ணின் இமையைத் தூக்கிப் பார்த்தாள், போர்வையைக் கொண்டுவந்து சுற்றினாள். எல்லாம் நர்ஸ் வேலை. அது முடிந்த பிறகுதான் மகளாகி, தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள்.

"சத்தியம் பண்ணீங்களேப்பா."

"தப்புதாம்மா."

"அப்படி என்னதான் இருக்கு அந்த ஆத்துல?"

"கிழவி பொழச்சுட்டா" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அந்த மனிதருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. வெதினா என்னைப் பார்த்தாள். மீன் என்று நான் சொன்னேன்.

அல்வா கிண்டிவிட்டால் அதைக் கொட்டக் கூடாது, யாராவது சாப்பிட வேண்டும். நான் ஒரு தட்டில் வைத்து அவர் முன் நீட்டினேன். ஒரு வாய் போட்டு மென்றார்.

"கொஞ்சம் அடிப்புடிச்சிருக்கு."

"செத்தவங்க கொற சொல்லக் கூடாது" என்றேன். "நீங்க உள்ள வந்ததுல கிளறுறத நிறுத்திட்டேன்."

வெதினா அழுத முகத்தோடு சிரித்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தாள். தெருவில் கயிற்றோடு போன ஆண்கள் திரும்பிவந்து நின்றிருந்தார்கள். எஷ்ரெஃப் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றான், ஆளாளுக்கு அவன் தலையில் தட்டினார்கள்.

"லின்ஸ்ல எங்க வீடு மூணாவது மாடிப்பா" என்றாள், திரும்பாமலே. "காலைல ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போனா, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வருவேன். எதுத்த வீட்டுக்காரர் பேர் என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது. அங்க நீங்க விழுந்தா நான் வந்து கதவத் தெறக்குற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. இங்க நீங்க கால் மணி நேரம் குனிஞ்சு நின்னதுக்கு அல்வாவே கிண்டிட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உங்களப் பத்திரமா வச்சுக்கணும்னுதான் கூப்பிட்டேன். எது பத்திரம்னு இப்ப எனக்கே தெரியல."

ராசிம் இன்னொரு வாய் அல்வாவைப் போட்டுக்கொண்டார். அந்த வாய்தான் தெரியுமே. முனிராவுக்கு மயக்கம் தெளிந்து வந்த நேரமா அது? "வெதினா, ஷெஃபிகா அத்தை அடுப்புகிட்ட நின்னு என்ன பேச்சுப் பேசினா தெரியுமா? நீ கேட்டிருக்கணும்" என்று ஆரம்பித்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். என் பார்வைக்கு எப்போதும் அடங்குகிறவள், அன்றைக்கு அடங்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். படல், காபி, மழை எல்லாம் வந்தது.

என் காது சூடாகிவிட்டது. அறுபத்தோரு வயசில் இந்த வெட்கம் எனக்குத் தேவையா?

வெதினா என் பக்கம் வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "அத்தை, செத்தவர்கிட்ட சொன்னத உயிரோட இருக்கறவர்கிட்ட சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள்.

நான் ராசிமைப் பார்த்தேன். போர்வைக்குள் தலை மட்டும் தெரிந்தது. கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகாதீங்க, ராசிம்" என்றேன்.

அவர் வாயில் இருந்ததை மெல்ல விழுங்கினார்.

"இத ஒரு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் பொட்டியே கட்டியிருக்க மாட்டேனே, ஷெஃபிகா" என்றார்.